பேட்டரி சார்ஜர் ஒயர்: கண்ணுக்கு மறையட்டும், கைக்குக் கிடைக்கட்டும்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை பெங்களூருவில், வண்டி ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில். மாதம் ஒருமுறை வந்து பார்த்தால் 350 சிசி வண்டி செல்ஃப் எடுப்பதில்லை. அதனால் ஒரு சார்ஜர் வாங்கி, மெக்கானிக்கிடம் சொல்லி பேட்டரியிலிருந்து நிரந்தரமாக ஒரு ஒயர் இழுத்து வைத்திருக்கிறார். இப்போது அந்த ஒயர் சைடு கவர் ஓரமாக ஒரு முழம் வெளியே தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை. கவரில் ஓட்டை போட்டு அதில் கப்ளரை, அதாவது சார்ஜரை மாட்டும் ஒயர் முனையை, பொருத்தலாமா, டேங்குக்கு அடியில் கொண்டுபோய் ஹேண்டில்பார் பக்கம் எடுக்கலாமா, மழையில் ஷார்ட் ஆகிவிடுமா, அதே ஒயரில் போன் சார்ஜ் போடலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, கவரில் ஓட்டை வேண்டாம். டேங்குக்கு அடியிலும் வேண்டாம். ஒயரைப் பேட்டரியிலிருந்து சாசி (வண்டியின் சட்டம்) குழாயோடு ஒட்டி இறக்கி, சைடு கவரின் கீழ் விளிம்புக்கு உட்புறமாக, சாசியிலேயே கப்ளரைப் பிடித்து வைத்துவிடுங்கள். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து விரலை விட்டால் கிடைக்கும். சரியாகச் செய்தால் மழை ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஒயரை மட்டும் மறைக்க நான் சொல்ல மாட்டேன்.

எங்கே மறைப்பது என்று முடிவு செய்யும் முன், அந்த ஒயரில் சார்ஜரை மாட்டப் போவது யார் என்று யோசியுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில்தான் அது தேவைப்படுகிறது. அப்படியென்றால் மாட்டப் போவது உங்கள் அம்மாவோ அப்பாவோதான். சீட்டைத் திறக்கச் சாவி, கவரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் என்று கேட்கிற இடத்தில் வைத்தால், ஒயர் அழகாக மறைந்திருக்கும், பேட்டரி பழையபடி இறங்கியிருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது நிறையப் பேருக்கு உள்ள நிலைமை. பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்களின் வண்டிகள் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் நிற்கின்றன. அதனால் நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். வீட்டில் இருக்கும் யாரும், சாவி இல்லாமல், கருவி இல்லாமல், உங்களுக்குப் போன் போடாமல் அதை மாட்டிக் கழற்ற முடிய வேண்டும்.

சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி எதற்கு இறங்குகிறது என்று கேட்பார்கள். பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சூடு கூடக்கூட அது வேகமாகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கூரைக்கு அடியில் ஏப்ரல், மே மாதங்களில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு மீட்டர் கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினியான இசியூ போன்றவை சாவியை எடுத்த பிறகும் சில மில்லி ஆம்பியர் குடிக்கின்றன. அது பரவாயில்லை. ஆனால் யாராவது ஜிபிஎஸ் டிராக்கரோ திருட்டு அலாரமோ மாட்டியிருந்தால் கணக்கே வேறு. அது 15 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்கு 720 மணி நேரம், பெருக்கினால் 10.8 ஆம்பியர் அவர் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கணக்கு). 8 ஆம்பியர் அவர் பேட்டரி மாதம் முடியும் முன்பே காலி. உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முன்பெல்லாம் பேட்டரி இறங்கினால் கிக்கரை நாலு உதை உதைத்துக் கிளப்பிவிடுவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோல் பம்ப்பும் இசியூவும் ஓடவே பேட்டரியில் உயிர் வேண்டும், பல வண்டிகளில் கிக்கரும் கிடையாது. ஆகவே நீங்கள் சார்ஜர் வாங்கியது சரியான முடிவு.

சரி, இப்போது ஃபியூஸ். இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன்.

வண்டியின் மற்ற ஒயர்களில் பெரும்பாலானவை சாவியைத் திருப்பினால்தான் உயிர் பெறும். சார்ஜர் ஒயர் அப்படி இல்லை. பேட்டரியில் நேராக மாட்டியிருப்பதால் அதில் இரவும் பகலும் 12 வோல்ட் இருக்கிறது. வண்டியின் மெயின் ஃபியூஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஒயரின் தோல் எங்காவது உரசித் தேய்ந்து பாசிட்டிவ் கம்பி சாசியைத் தொட்டால், சின்ன பேட்டரியாக இருந்தாலும் நூறு ஆம்பியருக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ளும். மெல்லிய ஒயர் பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருக்கும் ஒயரிங் கிட்டையும், அதாவது வண்டியின் மொத்த ஒயர்க் கட்டையும், சேர்த்து எரிக்கும். வெளியே தொங்கும் ஒயர் தேய்ந்தால் கண்ணில் படும். மறைத்து வைத்த ஒயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே மறைக்கப் போகிற ஒயருக்குத்தான் ஃபியூஸ் மிக அவசியம்.

பாசிட்டிவ் ஒயரில், பேட்டரி முனையிலிருந்து நாலு விரல் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரின் கடைசியில், கப்ளர் பக்கத்தில் ஃபியூஸ் போட்டிருந்தால் அதனால் பயன் இல்லை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள நீளம் முழுவதும் காவல் இல்லாமல் கிடக்கும். சார்ஜர் பெட்டியோடு வரும் ஒயர்களில் பெரும்பாலும் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், பழுப்பு நிறத்தில். அதுவே போதும். மெக்கானிக் கடையில் கிடந்த ஒயரை வெட்டிப் போட்டிருந்தால் ஃபியூஸே இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் மறைக்கும் வேலையைத் தள்ளி வையுங்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் தண்ணீர் புகாத மூடியோடு ஃபியூஸ் ஹோல்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கிப் போட்ட பிறகு தொடருங்கள். ஒயரும் பல இழை உள்ள ஆட்டோ ஒயராக இருக்க வேண்டும், 1 சதுர மில்லிமீட்டர் கனம் தாராளம். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டவே வேண்டாம். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் அது உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும்.

அடுத்து கப்ளர். சார்ஜர்களோடு வழக்கமாக வருவது எஸ்ஏஇ என்று சொல்லும் இரண்டு பின் கப்ளர். அதில் ஒரு பின் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், இன்னொன்று ரப்பருக்குள் புதைந்திருக்கும். பேட்டரி பக்க ஒயரில் புதைந்திருப்பதுதான் பாசிட்டிவ்வாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் நெகட்டிவ்வாக இருந்தால் அது சாசியைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சாசியே நெகட்டிவ்தான். மாற்றிப் போட்டிருந்தால் மூடி கழன்ற அன்றே ஷார்ட். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் புதைந்த துளையிலும், கறுப்பு முனையை நீட்டிய பின்னிலும் வைத்துப் பாருங்கள். 12 சொச்சம் வோல்ட் காட்ட வேண்டும். முன்னால் மைனஸ் குறி வந்தால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இது சரியாக இருந்துவிட்டால் உங்கள் அம்மாவுக்கும் நிம்மதி. அந்த கப்ளர் ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும், எது சிவப்பு எது கறுப்பு என்று யோசிக்க வேண்டியதே இல்லை. முதலை வாய் கிளிப்பில் அந்த வசதி கிடையாது.

இனி ஒயர் போகும் பாதை. உங்கள் வண்டியில் பேட்டரி சைடு கவருக்குள் இருக்கிறது, நல்ல வசதி. சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கிருந்தும் இதே முறையில் கீழே இறக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம், செயின் இடப்பக்கம். நான் இடப்பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதால் கப்ளருக்குக் கை எளிதாகப் போகும், சைலன்சர் சூடும் இல்லை. செயினிலிருந்தும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலிருந்தும் மட்டும் விலகி இருக்க வேண்டும். பேட்டரி வலப்பக்கம் இருந்தால், சீட்டுக்கு அடியில் ஒயரிங் கிட் குறுக்கே போகும் வழியிலேயே இந்த ஒயரையும் சேர்த்து இடப்பக்கம் கொண்டுவாருங்கள். கம்பெனிக்காரர்கள் ஒயரிங் கிட்டைக் கொண்டுபோகும் வழி சும்மா வகுத்தது அல்ல. சூடு, உரசல், நசுக்கல் மூன்றும் இல்லாத வழி அது. அதைப் பின்பற்றினால் பாதி வேலை முடிந்தது.

டேங்குக்கு அடியில் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அங்கே இன்ஜின் தலையின் சூடு, பெட்ரோல் ஹோஸ், ஆக்ஸிலேட்டர் கேபிள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எந்நேரமும் கரண்ட் உள்ள ஒயரை அந்தக் கூட்டத்துக்குள் விடுவதில் எந்த லாபமும் இல்லை. ஹேண்டில்பார் வரை போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயர் மடங்கி நிமிரும்.

கவரில் ஓட்டை போட்டு, மூடி வைத்த சாக்கெட்டை அதில் பொருத்துகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கவர் கழன்று வருகிற பொருள், ஒயர் வண்டியோடு நிற்கிற பொருள். அடுத்த சர்வீஸில் பையன் கவரைப் பிடித்து இழுப்பான், ஒயர் பேட்டரி முனையோடு சேர்ந்து இழுபடும். கவர் தகரமாக இருந்தால் ஓட்டையின் விளிம்பே கத்தியாக ஒயரை அறுக்கும். எதைப் பொருத்துவதானாலும் சாசியில் பொருத்துங்கள்.

வேலையைத் தொடங்கும்போது சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், பாசிட்டிவ்வைப் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகினால், ஸ்பேனர் தவறிச் சாசியில் பட்டாலே தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் எங்கே பட்டாலும் ஒன்றும் இல்லை. சார்ஜர் ஒயரின் ரிங் லக் (பேட்டரி முனையில் மாட்டும் உலோக வளையம்), வண்டியின் சொந்த லக்குக்கு மேலே உட்கார வேண்டும், அடியில் அல்ல. செல்ஃப் மோட்டார் இழுக்கும் பெரிய கரண்ட் போகும் லக்தான் பேட்டரி முனையை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இனி மறைப்பது சுலபம். சாசி குழாயை ஒட்டி ஒயரை இறக்குங்கள். குழாயைத் தொடும் இடங்களில் ஒயரின் மேல் துணி டேப் சுற்றுங்கள். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி, டேப் நழுவி, பிசுபிசுப்பில் மண் ஒட்டும். பெரிய ஒயரிங் கிட்டில் சுற்றியிருக்கும் துணி டேப் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். அதற்கு மேல் கறுப்பு நிற நெளிவுக் குழாய் ஒன்றைப் போர்த்தினால் வண்டியின் சொந்த ஒயர் போலவே தெரியும். கண்ணை உறுத்துவது பெரும்பாலும் ஒயர் இருப்பதல்ல, சிவப்பும் கறுப்புமாக அது தனியாகத் தெரிவதுதான். ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போதும். இறுக்கி நெரிக்காதீர்கள், ஒயர் கொஞ்சம் அசையும் அளவுக்கு விடுங்கள். டையின் வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள்; கூராக விட்டால் அடுத்து உள்ளே கையை விடுகிறவரின் விரலைக் கிழிக்கும். கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எதோடும் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

மிச்ச நீளத்தை என்ன செய்வது என்றுதான் பலரும் திணறுவார்கள். உங்களுக்கு ஒரு முழம் வெளியே தொங்குவதும் அதனால்தான். வெட்டிச் சுருக்கி மறுபடி ஜாயிண்ட் போடுவதைவிட, பேட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் மடித்துக் கட்டி வைப்பது மேல். ஜாயிண்ட் என்றாலே ஈரம் நுழைய ஒரு வாசல். மடிப்பு ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாயை அடைக்கக் கூடாது, சீட் உட்காரும் இடத்திலும் வரக் கூடாது. சீட்டைப் போட்டு அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசி ஒரு சாண் ஒயரைக் கட்டாமல் விடுங்கள். கப்ளர் வாய் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி, கவர் விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே, ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) ஒன்றால் சாசியில் பிடித்து வையுங்கள். பட்டையைப் பிரித்தால் கப்ளர் கீழே இறங்கி வர வேண்டும், வேலை முடிந்ததும் மேலே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். வாய் கீழே பார்த்தால் தண்ணீர் உள்ளே தங்காது. கப்ளருக்குச் சற்று முன்னால் ஒயர் லேசாகத் தொய்ந்து வளைந்து ஏறினால், ஒயர் வழியே வழிந்து வரும் மழைத் தண்ணீரும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ரப்பர் மூடி கட்டாயம். பின்களில் துளி வாஸ்லின் தடவுங்கள், பச்சை பூக்காது. மழையைவிட எனக்குப் பயம் வாட்டர் சர்வீஸ் பிரஷர்தான். பக்கத்தில் வைத்து அடிக்கும்போது மூடி பறந்துவிடும். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எலியையும் சொல்ல வேண்டும். கேழ்வரகு மூட்டையும் நிலக்கடலை மூட்டையும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டியும் நிற்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. வாரக்கணக்கில் அசையாத வண்டியின் சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும். நெளிவுக் குழாய் ஓரளவு காப்பாற்றும். ஊருக்கு வரும்போதெல்லாம் கவரைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

சார்ஜரைப் பற்றிக் கொஞ்சம். 8 முதல் 14 ஆம்பியர் அவர் உள்ள பைக் பேட்டரிக்கு 1 ஆம்பியர் அளவிலான, தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்தான் பொருத்தம். பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் அது சரிதான். கார் பேட்டரிக்கான 5, 6 ஆம்பியர் சார்ஜரை இதில் மாட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். மாதம் முழுவதும் மாட்டியே வைக்க அந்தச் சார்ஜர்களால் முடியும். ஆனாலும் ஆள் கவனிக்காத வண்டிக்கு, வாரத்தில் ஒரு நாள் இரவு மட்டும் போடச் சொல்வதே என் பழக்கம். கோடை மழைக்கு இடி மின்னல் வரும்போது கழற்றிவிடலாம், எலி கடித்த ஒயரில் கரண்ட் ஏறிக்கொண்டே இருக்காது. கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானாகவே மறுபடி வேலையைத் தொடங்குகிறதா என்று ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சில சார்ஜர்கள் பட்டனை அழுத்தும் வரை சும்மா கிடக்கும்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். முதலில் கப்ளர், அப்புறம் சுவர் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச், அப்புறம் கப்ளர். சார்ஜரை சீட் மேலே வைக்காமல் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். வண்டிச் சாவியையும் அதே ஆணியில் தொங்க விடுங்கள். சாவியை எடுக்க வருகிறவர் கண்ணில் சார்ஜர் படும், மாட்டியபடியே வண்டியை எடுத்துக்கொண்டு போக மாட்டார். வண்டி வீட்டுக்குள் நின்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியும் அறையில் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வரலாம்.

நீங்கள் ஊருக்கு வந்ததும் மல்டிமீட்டரை அந்த கப்ளரிலேயே வைத்துப் பார்க்கலாம், கவரைத் திறக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து 12.7, 12.8 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. இரவு முழுக்க சார்ஜ் போட்டும் மறுநாள் 12.4ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரியின் ஆயுள் முடிகிறது என்று பொருள். இன்ஜினைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13ஐக்கூடத் தொடவில்லை என்றால் ரெகுலேட்டரையோ காயிலையோ காட்டுங்கள், சார்ஜர் அதற்குத் தீர்வு அல்ல. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால், கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் செல்ஃப் எடுத்த கரண்ட்கூடத் திரும்ப ஏறாது. தர்மபுரி வரைக்குமாவது ஒரு நீள ஓட்டம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

போன் சார்ஜ் கேள்விக்கு வருகிறேன். எஸ்ஏஇ கப்ளரில் மாட்டும் யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது, ஒகேனக்கல் போகும் வழியில் மேப் பார்க்க உதவும். வண்டியை நிறுத்தியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். போன் இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது. டயருக்குக் காற்று அடிக்கும் சின்ன 12 வோல்ட் பம்ப்பை இதில் போடும் யோசனை இருந்தால், அதன் மேல் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். பலவும் 7.5ஐத் தாண்டும், ஃபியூஸ் போய்விடும். போய்விட்டதே என்று 15 ஆம்பியர் ஃபியூஸ் போடாதீர்கள். அதே ஒயரில் அதே 7.5தான்.